ரிஜெக்ட் 0 என்றால் ‘பதிவு இல்லை’ என்கிறது: நிரல்மொழிகள் எதை மெய், எதைப் பொய் என்று எடுத்துக்கொள்கின்றன?

#1 · அப்பர்_கணக்கு (ஆம்பூர்)

ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் (மேல்பகுதி) தைக்கும் ஒரு யூனிட்டில் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு முன்பு இருந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போன நிரல். உள்ளே பைத்தான், திரைக்கு ஜாவாஸ்கிரிப்ட். ஷிஃப்ட் முடிந்ததும் ஒவ்வொரு லைன் சூப்பர்வைசரும் இரண்டு எண்களை உள்ளிட வேண்டும்: தைத்த ஜோடி எத்தனை, அதில் ரிஜெக்ட் எத்தனை. எண் போடாத லைன் மேலாளரின் திரையில் சிவப்பாகத் தெரியும்.

ஒரு ஜோடிகூட ரிஜெக்ட் ஆகாத லைனும் சிவப்பாகத் தெரிகிறது என்பதுதான் சிக்கல். நிரலில் இருப்பது இவ்வளவுதான் (தமிழ் எழுத்திலேயே தருகிறேன்):

    இஃப் நாட் ரிஜெக்ட்:
        நிலை = "பதிவு இல்லை"

ஒழுங்காகத் தைத்த லைனுக்குத்தான் திட்டு விழுகிறது. சூப்பர்வைசர்கள் சும்மா இருப்பார்களா? ரிஜெக்ட் இல்லாத நாளில் 1 என்று போட்டுவிடுகிறார்கள். சிவப்பு மறைந்துவிடுகிறது, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். கணக்கில் மட்டும் இல்லாத ரிஜெக்ட் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

வரியைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. 0-ஐப் பொய் என்று கொள்வது பைத்தானின் விதியா, எல்லா மொழியிலும் இப்படித்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். திரைப் பக்கத்திலும் 0 வர வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் வருகிறது. அதுவும் இதே நோய்தானா?

#2 · பாகாயம்_பாம்பு

பைத்தான் விதிதான். நிபந்தனையில் எந்தப் பொருளை வைத்தாலும் பைத்தான் அதை மெய்யா பொய்யா என்று கேட்கும். ஃபால்ஸ், நன் (மதிப்பே இல்லை என்பது), எண்களில் 0 மற்றும் 0.0, வெற்றுச் சரம் (ஓர் எழுத்தும் இல்லாத உரை), வெற்றுப் பட்டியல், வெற்று டிக்‌ஷனரி, வெற்று செட் ஆகியவை பொய். மற்றவை பெரும்பாலும் மெய். நாமே ஒரு வகுப்பை எழுதினால், அதில் ‘__பூல்__’ என்ற சிறப்புச் செயற்கூறு இருந்தால் அதன் விடையைக் கேட்கும். அது இல்லாமல் ‘__லென்__’ இருந்தால் நீளம் 0-ஆ என்று பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பொருள் எப்போதும் மெய்.

உங்கள் வரி இப்படி இருக்க வேண்டும்:

    இஃப் ரிஜெக்ட் இஸ் நன்:

அவ்வளவுதான். ஆனால் ஷிஃப்ட் என்று சொன்னதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. நள்ளிரவு 12 மணியைக் குறிக்கும் நேரப் பொருளும் பைத்தானில் பொய்யாக இருந்தது! இரவு ஷிஃப்டின் தொடக்க நேரத்தை நேராக இஃப்-இல் போட்டவர்களுக்கு ‘நேரம் தரப்படவில்லை’ என்று விடை வரும். 00:01 என்றால் சரியாக வேலை செய்யும். பல ஆண்டுகள் அது பிழையா இல்லையா என்றே வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2015-இல் வந்த 3.5 பதிப்பில்தான் மாற்றினார்கள். எதற்குப் பொய் என்று பெயர் வைப்பது என்பதில் மொழியை எழுதியவர்களே தடுமாறியிருக்கிறார்கள்.

#3 · காட்பாடி_பழசு

தம்பி, இதன் வேர் சி மொழியில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1970-களின் தொடக்கத்தில் சி உருவானபோது அதில் மெய், பொய் என்று தனி வகையே கிடையாது. 0 என்றால் பொய், மற்ற எந்த எண்ணும் மெய். சோம்பலால் அப்படி வைக்கவில்லை. அது ஓடிய பி.டி.பி.-11 கணினியில், ஒரு மதிப்பைச் சோதித்ததும் ‘விடை சுழியா’ என்று சொல்லும் ஒரு குறி செயலிக்குள் இருக்கும். சுழியென்றால் இங்கே தாவு, இல்லையென்றால் அங்கே தாவு என்பதற்கு நேரான கட்டளைகள் உண்டு. இஃப் என்பது அந்தத் தாவலுக்குப் போட்ட சட்டை.

சரங்களின் முடிவையும் சுழி பைட்டால் குறித்தார்கள். பாயின்டர் (நினைவக முகவரி) எங்கும் சுட்டவில்லை என்றால் அதுவும் சுழி. ஆக, ஒரு சரத்தை இன்னொரு இடத்துக்கு நகலெடுக்க ஒரே வரி போதும்: ஓர் எழுத்தை எடு, வை, வைத்தது சுழியில்லை என்றால் அடுத்ததுக்குப் போ. நிபந்தனைக்குள்ளேயே நகலெடுப்பு முடிந்துவிடும். அந்த வரியை முதன்முதலில் பார்த்த நாளில் எனக்கு மொழியின் மேல் காதலே வந்தது. இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள்.

விலையும் இல்லாமல் இல்லை. இரண்டு சரங்களை ஒப்பிடும் ‘ஸ்டிர்கம்ப்’ இரண்டும் ஒன்றாக இருந்தால் 0 தரும். அதாவது பொருந்தினால் பொய்! கடவுச்சொல் சரியா என்று நேராக இஃப்-இல் கேட்டால், தப்பான கடவுச்சொல்தான் உள்ளே போகும். அடுத்தது, இரண்டு சமக்குறிக்குப் பதிலாக ஒன்றைப் போட்டுவிட்டால் ஒப்பிடுவதற்குப் பதில் மதிப்பை எழுதிவிடும். அதையும் சி ஏற்றுக்கொள்ளும். பைத்தான் இந்த ஒன்றை மட்டும் வாசலிலேயே தடுத்துவிட்டது.

தனி பூலியன் வகை சி99-இல்தான் வந்தது. சி23-இல்தான் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்களாயின.

#4 · சத்துவாச்சாரி_கண்டிப்பு

பழசு ஐயா காதல் கதை சொல்லிவிட்டார். நான் கறாராகவே சொல்கிறேன். எண்ணை நிபந்தனையில் வைக்க அனுமதிப்பதே தவறு. ஜாவாவில் இந்த நிரல் கம்பைல் ஆகாது, அதாவது ஓடும் நிலைக்கே வராது. கோ, ரஸ்ட், ஸ்விஃப்ட், கோட்லின், சி ஷார்ப், ஹாஸ்கெல் என எதிலும் ஆகாது. நிபந்தனைக்குள் பூலியன்தான் வர வேண்டும். ‘ரிஜெக்ட் 0-ஆ’ என்று கேட்கிறாயா, ‘ரிஜெக்ட் தரப்படவில்லையா’ என்று கேட்கிறாயா? ஒன்றை எழுதித் தொலை என்று மொழியே கழுத்தைப் பிடிக்கும். உங்கள் முன்னவர் ஜாவாவில் எழுதியிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

#5 · வாலாஜா_மாணிக்கம்

கண்டிப்பு அண்ணா சொல்வதற்கும் சி வழிக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ரூபியில் இரண்டே இரண்டுதான் பொய்: நில் (மதிப்பு இல்லை என்பது), ஃபால்ஸ். 0 மெய். வெற்றுச் சரம் மெய். வெற்றுப் பட்டியலும் மெய். லுவாவிலும் க்ளோஷரிலும் இப்படியே. ஸ்கீம் இன்னும் சிக்கனம், அதில் பொய் என்பது ஒன்றே ஒன்று. ஆனால் ஸ்கீமின் தாயான லிஸ்ப் குடும்பத்தில், காமன் லிஸ்ப்பை எடுத்துக்கொண்டால் ‘நில்’ பொய்யும் ஆகும், வெற்றுப் பட்டியலும் ஆகும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே பாகப்பிரிவினை.

ரூபியில் ‘இஃப் ரிஜெக்ட்’ என்றால் ‘மதிப்பு இருக்கிறதா’ என்றுதான் பொருள். 0 இருந்தால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? உங்கள் லைன் சிவப்பாகியிருக்காது.

#6 · ராணிப்பேட்டை_திரை

> உங்கள் லைன் சிவப்பாகியிருக்காது.

உண்மை. ஆனால் எண்ணே போடாமல் பெட்டியைக் காலியாக விட்டவனும் தப்பித்துவிடுவான். இணையப் படிவத்தில் காலிப் பெட்டி வெற்றுச் சரமாகத்தான் வந்து சேரும், அது ரூபியில் மெய். அதனால்தான் ரூபியில் இணையதளம் எழுத உதவும் ரெயில்ஸில் ‘ப்ளாங்க்?’, ‘பிரசென்ட்?’ என்று தனியாகச் சேர்க்க வேண்டிவந்தது. அதிலும் ஒரு கூத்து: 0 ப்ளாங்க் இல்லை, ஆனால் ஃபால்ஸ் ப்ளாங்க். ஆம்/இல்லை கேட்கும் புலத்தைக் ‘கட்டாயம்’ என்று அறிவித்தால், ‘இல்லை’ என்று ஒழுங்காக விடை சொன்னவனையும் ‘விடை சொல்லவில்லை’ என்று திருப்பி அனுப்பும். ஆம்பூர்க்காரரின் நோய் ரூபி ஊரில் வேறு உருவத்தில் உலாவுகிறது.

திரையில் கோடு வருவதற்கு இப்போது வருகிறேன். உங்கள் ஜாவாஸ்கிரிப்டில் நிச்சயம் இப்படித்தான் இருக்கும்:

    ரிஜெக்ட் || "–"

இரட்டைக் கோட்டுக்கு ‘இடது பக்கம் பொய்யென்றால் வலது பக்கத்தை எடு’ என்று பொருள். ஜாவாஸ்கிரிப்டில் ஃபால்ஸ், 0, எதிர்ச்சுழி, பிக்இன்ட் (மிகப் பெரிய முழு எண் வகை) சுழி, வெற்றுச் சரம், நல் (மதிப்பு இல்லை), அன்டிஃபைன்ட் (மதிப்பு தரப்படவில்லை), நான் (எண்ணல்ல என்பது) ஆகியவை பொய். பழைய உலாவிகளுக்காக ‘டாக்குமென்ட்.ஆல்’ என்ற ஒரு பொருளையும் பொய்யாக வைத்திருக்கிறார்கள், அதை மறந்துவிடுங்கள். 0 பொய் என்பதால் உங்களுக்குக் கோடு வருகிறது. 2020-ஆம் ஆண்டுத் தரத்தில் இரட்டைக் கேள்விக்குறி வந்துவிட்டது:

    ரிஜெக்ட் ?? "–"

இது நல், அன்டிஃபைன்ட் இரண்டுக்கு மட்டுமே வலது பக்கம் போகும். 0 அப்படியே 0 என்று தெரியும்.

பைத்தானிலிருந்து வருபவர்கள் இன்னும் ஒரு பள்ளத்தில் விழுவார்கள். வெற்றுப் பட்டியல் பைத்தானில் பொய், ஜாவாஸ்கிரிப்டில் மெய். ஆனால் அதே வெற்றுப் பட்டியலை இரட்டைச் சமக்குறியால் ஃபால்ஸோடு ஒப்பிட்டால் ‘சமம்’ என்று வரும்! மெய்யான ஒன்று பொய்க்குச் சமம். "0" என்ற சரத்துக்கும் இதே கதை. இஃப் நடத்தும் விசாரணை வேறு, சமக்குறி நடத்தும் விசாரணை வேறு என்று பிடித்துக்கொண்டால் தலைவலி பாதி குறையும். மூன்று சமக்குறி போடுங்கள்.

#7 · அப்பர்_கணக்கு (ஆம்பூர்)

அண்ணா, திறந்து பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து நீங்கள் சொன்ன வரியேதான். நன்றி.

ஒரு சந்தேகம். படிவத்திலிருந்து வருவது சரம்தானே? அப்படியானால் "0" பைத்தானில் மெய்யாக அல்லவா இருக்க வேண்டும்?

#8 · பாகாயம்_பாம்பு

நல்ல கேள்வி. "0" என்ற சரம் பைத்தானில் மெய், அதில் ஓர் எழுத்து இருக்கிறதே! ‘இன்ட்’ போட்டு எண்ணாக்கியதும் பொய். ஆக, அந்த ஒரு வரிக்கு மேலே இஃப் இருந்தால் ஒரு விடை, கீழே இருந்தால் வேறு விடை. உங்கள் முன்னவர் எண்ணாக்கிய பிறகு சோதித்திருக்கிறார்.

பி.எச்.பி.யில் "0" சரமாக இருந்தாலும் பொய். ஆனால் "0.0" மெய், "00" மெய். பெர்லிலும் இதே. பெர்லில் தரவுத்தளத்தோடு பேசும் டி.பி.ஐ. என்ற தொகுதி இந்தக் குழப்பத்தையே ஒரு தந்திரமாக்கிவிட்டது. கட்டளை தோற்றால் பொய்யான மதிப்பு திரும்பி வரும். கட்டளை வென்றது, ஆனால் ஒரு வரிசையும் மாறவில்லை என்றால் 0 தர வேண்டும், அதுவோ பொய். அதனால் "0இ0" என்ற வகையில் ஒரு சரத்தைத் தருகிறது (நடுவில் இருப்பது அடுக்கைக் குறிக்கும் ஆங்கில எழுத்து). சரமாகப் பார்த்தால் மெய், எண்ணாகப் பார்த்தால் சுழி. ‘வென்றேன், ஆனால் பூஜ்யம்’ என்று சொல்வதற்கு மனிதர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். எல்லா லைன்களும் திரையில்தான் உள்ளிடுகிறார்களா, எக்செல் எதுவும் வருகிறதா?

#9 · அப்பர்_கணக்கு (ஆம்பூர்)

வாணியம்பாடி கிளையிலிருந்து எக்செல்தான் வருகிறது. பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகம் வைத்துப் படிக்கிறோம். ஏன்?

#10 · பாகாயம்_பாம்பு

அப்படியானால் உட்கார்ந்துகொள்ளுங்கள். எண்கள் உள்ள நெடுவரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பாண்டாஸ் அதை ‘நான்’ என்று படிக்கும். நன் அல்ல, எண்ணல்ல என்று பொருள்படும் அந்த மிதவைப் புள்ளி மதிப்பு. ஜாவாஸ்கிரிப்டில் அது பொய். பைத்தானில் மெய், ஏனென்றால் அது சுழியில்லையே! ஆக ‘இஃப் நாட் ரிஜெக்ட்’ என்பதில், 0 போட்ட லைன் சிவப்பு, ஒன்றுமே போடாத லைன் பச்சை.

வாணியம்பாடியில் யாராவது எப்போதும் பச்சையாகவே இருக்கிறார்களா என்று பாருங்கள். ‘இஸ் நன்’ மட்டும் இங்கே போதாது. பாண்டாஸின் ‘இஸ்னா’ வைத்துச் சோதிக்க வேண்டும்.

#11 · அப்பர்_கணக்கு (ஆம்பூர்)

இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். ‘ஒழுங்கான லைன்’ என்று கூட்டத்தில் பாராட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

#12 · மேல்விஷாரம்_மெளனி

பாராட்டு வாங்கியவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும். ஆம்பூரில் எந்தக் கடை என்பதற்குத் தனி இழை தொடங்கலாமா?

#13 · நெறியாளர்

பிரியாணிக்கு ஏற்கெனவே இழை இருக்கிறது. சண்டை ஓயாததால் பூட்டி வைத்திருக்கிறோம். இங்கே தொடர வேண்டாம்.

#14 · கோட்டை_அகழி

இதுவரை யாரும் ஷெல் (யூனிக்ஸில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) பக்கம் வரவில்லையே. சர்வர்களோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் ஊரில் 0-தான் மெய்.

யூனிக்ஸில் ஒரு கட்டளை முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். 0 என்றால் வெற்றி. 1 முதல் 255 வரை எதுவானாலும் தோல்வி. ஏன் இப்படித் தலைகீழ்? வெற்றி பெற ஒரே வழி, தோற்க நூறு வழி. எந்த வழியில் தோற்றது என்று சொல்ல எண்கள் வேண்டுமே. ‘கிரெப்’ தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பையே திறக்க முடியாவிட்டால் 2. ஷெல்லின் இஃப் ஒரு மதிப்பைச் சோதிப்பதில்லை. ஒரு கட்டளையை ஓட்டி, அது வென்றதா என்று பார்க்கிறது.

இதைப் புரிந்துகொண்டு நிம்மதியாக இருக்கும்போது சதுர அடைப்பு வரும். அதற்குள் வெறும் 0 என்று எழுதினால் மெய். வெற்றி என்பதால் அல்ல, உள்ளே இருப்பது காலியில்லாத சரம் என்பதால்! ‘ஃபால்ஸ்’ என்று எழுதினாலும் அதே காரணத்தால் மெய். பாஷில் இரட்டை வளைவு அடைப்புக்குள் 0 என்றால் கணக்கு முறை, அங்கே அது பொய். ஒரே கோப்பில் ஒரே சுழி மூன்று வேடம் போடும்.

அமைப்புக் கோப்புகளும் இப்படித்தான். சூழல் மாறியில் பிழைதேடும் வசதிக்கு ‘ஃபால்ஸ்’ என்று எழுதிவிட்டு, பைத்தானில் அதை நேராக இஃப்-இல் போட்டு, வசதி அணைந்துவிட்டது என்று நம்பி உலகத்துக்கே பிழைச் செய்திகளைத் திறந்துவிட்ட தளங்களைப் பார்த்திருக்கிறேன். காலியில்லாத சரம், ஆகவே மெய். யாம்ல் என்ற அமைப்புக் கோப்பு வடிவம் இதற்கு நேர் எதிர். அதன் 1.1 பதிப்பில் மேற்கோள் போடாத ‘நோ’ என்பது பொய் என்று மாறிவிடும். நாடுகளின் இரண்டெழுத்துக் குறியீடுகளைப் பட்டியலிட்டால் நார்வே மட்டும் ஃபால்ஸ் ஆகிவிடும். 2009-இல் வந்த 1.2 பதிப்பில் இதை நீக்கினார்கள். பழைய நூலகங்கள் இன்னும் பழைய வழியில்தான் படிக்கின்றன.

#15 · சத்துவாச்சாரி_கண்டிப்பு

பாருங்கள், நான் சொன்னதற்கு எல்லோரும் சேர்ந்து சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பூலியனைத் தவிர எதையும் நிபந்தனையில் விடாதே. இத்தனை பட்டியலும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

#16 · தரவுக்காரி_குடியாத்தம்

கண்டிப்புத் தம்பி, நீங்கள் வாசலைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

கோ மொழியில் ‘இன்ட்’ என்று ஒரு புலத்தை அறிவித்து, ஜேசன் என்ற தரவு வடிவத்திலிருந்து படித்துப் பாருங்கள். ரிஜெக்ட் என்ற சாவியே வராவிட்டால் அந்தப் புலத்தில் என்ன இருக்கும்? 0. ஏனென்றால் கோவில் மதிப்பு தராத எண்ணுக்கு இயல்பு மதிப்பு 0. கம்பைலர் ஒரு வார்த்தை பேசாது. இங்கே பிழை நேர் எதிராகப் போகிறது: எண்ணே அனுப்பாத சூப்பர்வைசர் ‘ரிஜெக்ட் சுழி’ என்று நல்ல பெயர் வாங்குவார். ஜாவாவின் சாதா ‘இன்ட்’ புலமும் அப்படியே. பெரிய எழுத்து ‘பூலியன்’ வகையில் நல் இருந்து, அதை நிபந்தனையில் வைத்தால் கம்பைல் ஆகும், ஓடும்போது விழும். உங்கள் கண்டிப்பு எங்கே போயிற்று?

நிபந்தனை எப்படி எழுதப்பட்டது என்பதையே எல்லோரும் பேசுகிறீர்கள். அந்த மதிப்பு குடியிருக்கும் இடத்தில் ‘இன்னும் சொல்லவில்லை’ என்பதற்கு ஓர் அறை இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ரஸ்டில் ஆப்ஷன் வகை, கோவில் பாயின்டர், பைத்தானில் நன், தரவுத்தளத்தில் நல். அந்த அறை இல்லாத மொழியில் எவ்வளவு கறாராக இஃப் எழுதினாலும் பயனில்லை. அறை இருந்தும், பைத்தான் போலச் சுழியையும் இல்லாமையையும் ஒரே கேள்வியில் அமுக்கினால் ஆம்பூர் கதைதான். பாலாற்றில் தண்ணீர் இல்லை என்று போய்ப் பார்த்து எழுதுவதும், ஆற்றுப் பக்கமே போகாமல் நோட்டைக் காலியாக விடுவதும் ஒன்றா?

தரவுத்தள வினவல் மொழியான எஸ்.க்யூ.எல். பக்கம் வந்தால் விடைகள் மூன்று: மெய், பொய், தெரியாது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் ‘தெரியாது’. நல் நல்லுக்குச் சமமா என்றாலும் ‘தெரியாது’. ‘வேர்’ பிரிவு மெய்யான வரிசைகளை மட்டும் விடும், ‘தெரியாது’ வெளியேதான் நிற்கும். ஆனால் அட்டவணையில் ‘செக்’ கட்டுப்பாடு போட்டால், பொய் மட்டும்தான் தடுக்கப்படும், ‘தெரியாது’ உள்ளே போய்விடும். ஒரே தெரியாமைக்கு ஒரு கதவில் அனுமதி, இன்னொரு கதவில் தடை. ‘நாட் இன்’ பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் புகுந்துவிட்டால் வினவல் ஒரு வரிசையும் தராது. பிழைச் செய்தியும் வராது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இதில் அரை நாளைத் தொலைப்பதை நான் வேடிக்கை பார்த்ததுண்டு.

சராசரிதான் உங்கள் மேலாளருக்கு முக்கியம் என்பதால் அதை எண்ணோடு காட்டுகிறேன். நான்கு லைன்கள்: 0, 2, காலி, 4. நல்லாகச் சேமித்தால் சராசரி காலியை ஒதுக்கிவிடும்: 6-ஐ 3-ஆல் வகுத்து 2. காலியைச் சுழியாக்கினால் 6-ஐ 4-ஆல் வகுத்து 1.5, எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். உங்கள் முன்னவர் போலச் சுழியைக் காலியென்று எண்ணினால் 6-ஐ 2-ஆல் வகுத்து 3. அதே தொழிற்சாலை, அதே தையல், மூன்று சராசரி. ‘கோலெஸ்’ போட்டு நல்லையெல்லாம் 0 ஆக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆரக்கிள் தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை: அதில் வெற்றுச் சரமும் நல்லும் ஒன்றே.

#17 · சத்துவாச்சாரி_கண்டிப்பு

ஜேசன் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. பாயின்டர் போட வேண்டும் என்று எங்கள் அணியில் விதியே வைத்திருக்கிறோம். ஆனாலும் இரண்டு பூட்டு ஒரு பூட்டைவிட மேல்.

#18 · தொரப்பாடி_வாத்தியார்

கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்பதால் வரலாற்றில் ஒரு துண்டு. ஜார்ஜ் பூல் 1847-இலும் 1854-இலும் எழுதிய நூல்களில் தருக்கத்தை 1, 0 என்ற குறிகளால் இயற்கணிதமாக்கினார். அவருடைய 0 ‘ஒன்றுமில்லை’ என்ற தொகுதி, 1 ‘எல்லாம்’. கணினியெல்லாம் அவர் கனவிலும் இல்லை. 1937-இல் கிளாட் ஷானன் தமது முதுகலை ஆய்வேட்டில் மின்சுவிட்சுகளுக்கு இந்த இயற்கணிதம் பொருந்தும் என்று காட்டினார். அல்கால் 60-இலேயே பூலியன் தனி வகையாக இருந்தது. ஆகவே சி-யில் அது இல்லாமல் போனதை அக்கால வழக்கம் என்று சொல்ல முடியாது. பழசு அவர்கள் மன்னிக்கவும்.

மாணவர்களிடம் நான் அதிகம் திருத்துவது வேறொன்று: சி-யில் ‘எக்ஸ் == ட்ரூ’ என்று எழுதுவது. ட்ரூ என்பது 1. எக்ஸில் 2 இருந்தால் அது மெய், ஆனால் ட்ரூவுக்குச் சமமில்லை. எழுத்தா என்று சோதிக்கும் ‘இஸ்ஆல்ஃபா’ சுழியல்லாத எண்ணைத் தரும் என்றுதான் தரம் சொல்கிறது, 1 தரும் என்று சொல்லவில்லை. விஷுவல் பேசிக்கில் மெய் என்பது -1, எல்லா பிட்டுகளும் எரிந்த நிலை. அங்கே 1-க்கு ‘நாட்’ போட்டால் -2 வரும், அதுவும் மெய்யே. மெய்யை மறுத்தால் மெய்! தேர்வில் கேட்டால் வகுப்பே கலகம் செய்யும். வேலூரில் அதற்கு முன்னுதாரணம் வேறு இருக்கிறது.

#19 · காட்பாடி_பழசு

மன்னித்தேன். அல்காலைக் கணினியில் ஏற்றக் கம்பைலர் எழுதியவர்களைக் கேளுங்கள், எது சுலபம் என்று.

#20 · வாலாஜா_மாணிக்கம்

பைத்தானுக்கே தனி பூல் வகை 2003-இல், 2.3 பதிப்பில்தான் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் எண்ணின் பிள்ளையாக வைத்தார்கள், அதனால் ட்ரூவோடு ட்ரூவைக் கூட்டினால் 2.

#21 · பாகாயம்_பாம்பு

அதைக் கிண்டலாகச் சொல்கிறீர்கள், எனக்கு அது தினப்படி உதவி. ‘எத்தனை லைன் இலக்கைத் தொட்டது’ என்பதற்கு ஒப்பீடுகளை அப்படியே கூட்டினால் விடை வந்துவிடும். அதேபோல் வெற்றுப் பட்டியல் பொய் என்பதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘இஃப் பிழைகள்:’ என்று எழுதினால் படிக்கிறவனுக்குப் புரிகிறது. பட்டியல் காலியா என்று கேட்பது நியாயமான கேள்வி. எண் சுழியா என்று இஃப் மறைமுகமாகக் கேட்பதுதான் வம்பு. நம்பை என்ற பைத்தான் கணக்கு நூலகம் இதில் வேறு முடிவெடுத்தது: பல உறுப்புகள் உள்ள அணியை இஃப்-இல் வைத்தால், ‘எல்லாமா, ஏதாவது ஒன்றா, தெளிவாகச் சொல்’ என்று பிழை எறிந்துவிடும். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

#22 · அப்பர்_கணக்கு (ஆம்பூர்)

எல்லோருக்கும் நன்றி. செய்தது: படிவத்தில் காலிப் பெட்டி வந்தால் உடனே நன், இல்லாவிட்டால் எண், நடுவில் வேறு நிலை கிடையாது. எக்செலிலிருந்து வரும் ‘நான்’ மதிப்பும் அதே வாசலில் நன் ஆகிறது. அதன் பிறகு எல்லா இடத்திலும் ‘இஸ் நன்’. திரையில் இரட்டைக் கேள்விக்குறி. தரவுத்தளத்தில் அந்த நெடுவரிசைக்கு ‘இயல்பு மதிப்பு 0’ என்று வைத்திருந்தார்கள், அதை எடுத்துவிட்டேன். தரவுக்காரி அக்கா சொல்லாவிட்டால் அதைக் கவனித்திருக்க மாட்டேன்.

மிச்சம் இருப்பது பழைய 1-கள். சிவப்புக்குப் பயந்து போட்டது எது, உண்மையாகவே ஒரு ஜோடி ரிஜெக்ட் ஆனது எது என்று எப்படிப் பிரிப்பது? 1 எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடலாம் என்கிறார் மேலாளர்.

#23 · தரவுக்காரி_குடியாத்தம்

கூடவே கூடாது. இருக்கும் எண்ணில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை சேர்த்து, ‘சந்தேகம்’ என்று குறியுங்கள். ரிஜெக்ட் ஆன ஜோடி எங்கே போகிறது? பழுதுபார்க்கும் மேசைக்குத்தானே? அங்கே தனி நோட்டு இருக்குமே.

#24 · அப்பர்_கணக்கு (ஆம்பூர்)

இருக்கிறது அக்கா. ரிப்பேர் மேசையில் ஒவ்வொரு ஜோடிக்கும் லைன் எண்ணோடு சீட்டு கட்டி, நோட்டில் ஏற்றுகிறார்கள். கணினிக்கு வராத கணக்கு என்பதால் இதுவரை யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. கணினியில் 1 இருந்து, அதே தேதியில் அந்த லைனின் சீட்டு நோட்டில் இல்லையென்றால் சந்தேகம் என்று குறித்துவிடுகிறேன். சில பக்கங்கள் எண்ணெய் பட்டு ஒட்டிப்போயிருக்கின்றன. அந்தத் தேதிகளுக்கு என்ன போடுவது?

#25 · தரவுக்காரி_குடியாத்தம்

நல்.